இன்ஸும் அந்தப் படகும்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. குறும்பட வேலையைத் தொடங்கிவிட்டாய் என்பதில் மகிழ்ச்சி. மௌனப்படக் கால ஹாலிவுட் தயாரிப்பாளர் தாமஸ் இன்ஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆனால் நீயும் எல்லாரையும் போல அந்த உல்லாசப் படகிலேயே நின்றுவிட்டாயே! 1924 நவம்பரில் இன்ஸ், பத்திரிகை அதிபர் ஹார்ஸ்டின் ஒனைடா படகுக்கு விருந்தாளியாகப் போனார். உடம்புக்கு முடியாமல் சான் டியேகோவில் இறங்கினார். 19ஆம் தேதி வீட்டில் இறந்தார். காரணம் இதயக் கோளாறு என்றுதான் பதிவு. யாரோ சுட்டார்கள் என்பதெல்லாம் வெறும் வம்பு. அந்த வம்பில் மனிதரின் தொழில் மறைந்துபோனதுதான் எரிச்சல்.

அவர் சாதித்தது காகிதத்தில், அதாவது எழுதிவைத்த ஸ்கிரிப்டில். 1911 கடைசியில் கலிபோர்னியா வந்தவர், சாண்டா மோனிகா பக்கம் கடலோர மலைச்சரிவில் இடம் பிடித்தார். மில்லர் சகோதரர்களின் 101 ராஞ்ச் என்ற கௌபாய் வித்தைக் காட்சிக் குழுவைக் குதிரை, மாடு, கௌபாய், செவ்விந்தியர் என்று மொத்தமாக அமர்த்திக்கொண்டார். படப்பிடிப்பு நின்றாலும் இத்தனை வாயும் நிற்காது. அதனால் 1912இலேயே இரண்டாவது படப்பிடிப்பு யூனிட்டை, பின்னாளில் பெரிய இயக்குநரான ஜான் ஃபோர்டின் அண்ணன் பிரான்சிஸிடம் கொடுத்தார். தான் இல்லாத இடத்தில் தன் படம் நடக்க வேண்டுமென்றால் எல்லாம் எழுத்தில் இருந்தாக வேண்டும்.

அந்த ஸ்கிரிப்டின் அமைப்பைப் பார். முகப்பில் எழுதியவர் பெயர், படப்பிடிப்பு தொடங்கிய, முடிந்த தேதிகள். பிறகு டைட்டில் கார்டு வாசகங்கள் (மௌனப் படத்தில் திரையில் எழுத்தாக வருபவை), எந்த இடத்தில் வரும் என்பதோடு. அடுத்து லொகேஷன் பட்டியல்: ஒவ்வொரு செட்டின் பெயருக்கு எதிரிலும் அங்கே எடுக்க வேண்டிய ஷாட் எண்கள். அதன் பிறகுதான் காட்சிகள். கூடவே செலவுத் தாள்.

உயிர்நாடி அந்த லொகேஷன் பட்டியல்தான். மதுக்கடையில் 8, 21, 47ஆம் ஷாட்டுகள் என்றால் மூன்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டு செட்டைக் கலைக்கலாம். சிக்கல் எங்கே வரும்? 20இல் தெருச்சண்டை, அதை இன்னும் எடுக்கவில்லை. 21இல் உள்ளே வருகிறவன் சட்டை சலவை மடிப்போடு இருந்தால் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி, போச்சு. எண் இருந்தால் முந்தைய ஷாட்டைப் புரட்டிப் பார்த்துப் புழுதி பூசி அனுப்பலாம். நீளமும் அப்படித்தான்: 35 மி.மீ. படச்சுருளில் அடிக்கு 16 பிரேம், நொடிக்கு 16 ஓட்டினால் ஆயிரம் அடி ரீலுக்குப் பதினேழு நிமிடம்கூட முழுதாக வராது. டைட்டில் கார்டுகளும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

அவருக்குத் தன் பெயர் போட்டுக்கொள்வதில் ஆசை அதிகம்; 1916இல் வந்த சிவிலைசேஷன் படத்தைப் பலர் சேர்ந்து இயக்கினார்கள், விளம்பரமோ இன்ஸுக்கு. ஆனாலும் இயக்குநர் கிரிஃபித், நகைச்சுவைப் படத் தயாரிப்பாளர் சென்னட் இருவரோடும் 1915இல் டிரையாங்கிள் படநிறுவனத்தில் சேர்ந்தார்; அந்த மூவரில், பின்னால் வந்த ஸ்டூடியோக்கள் நடந்தது இன்ஸ் போட்ட வழியில்தான் என்பேன்.

உன் லொகேஷன் பட்டியலை முதலில் போட்டு அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வேலு