வாடகை முதலில் வரும், கூட்டம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேசினோ வந்தால் சுற்றியுள்ள உணவகங்களுக்கும் யோகம்தான் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் சின்ன உணவகங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வரப்போகும் கூட்டத்தைப் பற்றிக் கட்டுரையாளர் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். வாடகை பற்றி ஒரு வரி இல்லை.

கேசினோவுக்கு அனுமதி கிடைக்கப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே போதும், கட்டட உரிமையாளர்களின் குரல் மாறிவிடும். நான் கணக்குப் பார்த்த ஓர் உணவகத்தில் அப்போதுதான் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். உரிமையாளர் நேரில் வந்தார், நிதானமாகச் சாப்பிட்டார், கை கழுவிவிட்டுச் சொன்னார்: "பக்கத்துல என்ன வருதுன்னு உங்களுக்கே தெரியும். பழைய வாடகை இனிமே சரிப்படாது." கேசினோவுக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. இன்னும் வராத வாடிக்கையாளரைக் காட்டி இன்றைக்கே வாடகையை ஏற்றினார். கூட்டம் வராமல் போனால் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் கட்ட வேண்டும். (சாப்பிட்டதற்கும் அவர் காசு கொடுக்கவில்லை.)

இந்தத் தொழிலின் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன். விற்பனை 100 என்றால் சரக்குக்கு 30, சம்பளத்துக்கு இன்னொரு 30 ஏறக்குறைய போய்விடும். வாடகை 10-க்குள் நின்றால் கடை தாக்குப்பிடிக்கும். எரிவாயு, மின்சாரம், வரி, பழுதுபார்ப்பு, வீணாகிக் கொட்டியது எல்லாம் போகக் கையில் 5 நின்றால் அது நன்றாக நடக்கிற கடை. வாடகை 8-லிருந்து 16 ஆனால் அந்த 5 போய், மேலே 3 கடன். பழைய விகிதத்துக்குத் திரும்ப விற்பனை இரண்டு மடங்காக வேண்டும். மேசைகள் அதே எண்ணிக்கை, அடுப்பும் அதே அடுப்பு. விலையை ஏற்றினால் முதலில் நின்றுபோவது தினமும் வந்துகொண்டிருந்த ஆள்தான்.

சரி, அந்தக் கூட்டமாவது வருகிறதா? கேசினோவின் வேலையே உள்ளே வந்தவரை வெளியே விடாமல் வைத்திருப்பது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நேரே ஆட்டக்கூடத்துக்கு வழி, அங்கிருந்து சாப்பாட்டுக்கூடத்துக்கு வழி. தெருவுக்கு வரும் வாசலைத் தேட வேண்டியிருக்கும். கேசினோவுக்குச் சாப்பாட்டில் லாபம் வந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. லாஸ் வேகாஸில் 1940-களிலேயே மலிவு விலை பஃபே வைத்து ஆளை இழுத்தார்கள். சாப்பாட்டில் விட்டதைச் சூதாட்ட மேசையில் எடுத்தார்கள். நிறைய ஆடுபவருக்கு இலவசச் சாப்பாட்டுச் சீட்டே கிடைக்கும். அடக்க விலைக்குக் கீழே விற்பவரோடும் சும்மா கொடுப்பவரோடும் தெருமுனை உணவகம் எதை வைத்துப் போட்டி போடும்?

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் முதல் கேசினோ 1978 மே மாதம் திறந்தது. 1977-ல் அந்த நகரில் இருந்த 243 உணவகங்கள் 1987-ல் 146 ஆகக் குறைந்தன என்பது இந்த விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கணக்கு. கோடிக்கணக்கில் ஆட்கள் வந்துபோன ஆண்டுகள் அவை. அந்த நகரம் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தின் சட்டம், கேசினோ வேண்டுமென்றால் குறைந்தது 500 அறைகள் கொண்ட விடுதியும் அதற்கேற்ற உணவுக்கூடங்களும் சேர்த்தே கட்ட வேண்டும் என்றது. நல்ல நோக்கம்தான், வெறும் சூதாட்டக் கொட்டகை வந்துவிடக்கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் வந்தவர் அறையிலிருந்து ஆட்டத்துக்கும் ஆட்டத்திலிருந்து சாப்பாட்டுக்கும் போய்த் திரும்ப, ஊருக்குள் கால் வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவின் இன்னொரு மாநிலமான லூசியானா நேர் எதிர்ப் பாதையில் போனது. அங்கே 1992-ல் நியூ ஆர்லியன்ஸில் ஒரே ஒரு கேசினோவுக்குச் சட்டம் போட்டபோது, அதற்குள் தங்கும் அறை கூடாது, சாப்பாடு என்றால் 250 இருக்கைகளுக்கு மேற்படாத, தாமே எடுத்துச் சாப்பிடும் கூடம் மட்டும் என்று எழுதினார்கள். சாப்பாட்டுக்குப் பேர்போன நகரத்தின் உணவகக்காரர்கள் சும்மா இருப்பார்களா! எதிர்த்தரப்பு உடனே ஒன்று சொல்லும்: அந்தக் கேசினோ திவாலானதே. உண்மைதான். 1999-ல் நிரந்தரக் கட்டடத்தில் திறந்து, 2001 தொடக்கத்தில் திவால் மனு கொடுத்தது. அதன்பின் சட்டமன்றம் உணவு, அறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. ஆனால் ஆண்டுக்கு 100 மில்லியன் டாலர் குறைந்தபட்சமாக மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது அதன் தலைமேல் இருந்தது. அதையும் 2001-ல் குறைத்தார்கள். பழியை 250 நாற்காலிகள்மேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

வாடகைக்கு அடுத்த அடி ஆள் பற்றாக்குறை. கேசினோவுக்கும் சமையல்காரர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் எல்லாரும் வேண்டும். என் வாடிக்கை உணவகம் ஒன்றில் பண்டிகைக்கு முதல் வாரம் தலைமைச் சமையல்காரர் வந்து, "அண்ணே, அங்க மருத்துவச் செலவும் குடுக்கறாங்க" என்றார். முதலாளியால் என்ன பதில் சொல்ல முடியும்? சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவ்வில் இது இன்னும் கடுமை. அங்கே சூதாட்ட மேசையில் சீட்டுக்கட்டைப் பங்கிடும் வேலை உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமே. 2002-ல் ஒரே நிறுவனத்தின் ஏகபோக உரிமை முடிந்து கேசினோக்கள் பெருகின. 2006-லேயே அந்த நகரின் சூதாட்ட வருமானம், லாஸ் வேகாஸின் கேசினோத் தெருவான ஸ்ட்ரிப்பைத் தாண்டியது. பின்னர் வேலையில்லாதோர் விகிதம் 2 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. ஊருக்கு நல்ல சேதி. சின்னக் கடை வைத்திருப்பவர் யாரை வேலைக்கு வைப்பார்?

பிழைத்தவர்களும் உண்டு, அதை மறைக்கவில்லை. சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவர், இரவு முறை முடித்து வரும் கேசினோ ஊழியருக்கு விடிய விடியச் சமைப்பவர், இவர்களுக்கு வியாபாரம் கூடியதை நானே கணக்கில் பார்த்திருக்கிறேன். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மக்காவ்வில் 11 துணைக் கேசினோக்கள் (பெரிய நிறுவனத்தின் உரிமத்தில் வேறொருவர் நடத்துபவை) 2025 இறுதிக்குள் மூடப்படும் என்று அந்த ஆண்டு ஜூனில் அறிவிப்பு வந்ததும், அவற்றை நம்பியிருந்த சுற்றுப்புற உணவகங்களும் அடகுக் கடைகளும் கலங்கிப்போயின. கேசினோ வந்தபோது ஏறிய வாடகை, அது போகும்போது தானாக இறங்கிவிடாது.

எனவே கேசினோ வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதுதான் என் கவலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 2011 கேசினோச் சட்டம், உள்ளூர் உணவகங்களோடு சேர்ந்து எப்படி விளம்பரம் செய்வார்கள் என்பதையும் உரிமம் கேட்பவர்களிடம் பார்க்கச் சொல்கிறது. என் பார்வையில் அது போதாது. விளம்பரப் பலகையில் பெயர் வந்தால் வாடகை அடையாது. இலவசச் சாப்பாட்டுச் சீட்டில் ஒரு பங்காவது வெளியே உள்ள உணவகங்களில் செல்ல வேண்டும், அதற்குரிய பணத்தைக் கேசினோ மாதாமாதம் தீர்க்க வேண்டும். உள்ளே எத்தனை சாப்பாட்டு இருக்கைகள் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு, கேசினோ திறந்து சில ஆண்டுகள் வரையாவது வாடகை உயர்வுக்கு ஒரு வரம்பு வேண்டும். கடைக்காரர்களும் வாய்ச்சொல்லை நம்பாமல், கேசினோ திறக்கும் நாளில்தான் புது வாடகை தொடங்கும் என்று பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

உங்கள் கட்டுரையில் கேசினோவின் அறைகள், வேலைவாய்ப்பு, வரி வருவாய் எல்லாவற்றுக்கும் எண்கள் இருந்தன. அந்தக் கட்டடத்துக்குள் எத்தனை சாப்பாட்டு இருக்கைகள் வரப்போகின்றன? அந்த எண்ணை வரைபடத்திலிருந்து எடுத்து அடுத்த கட்டுரையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவகக் கணக்கு எழுதும் வாசகர் ஒருவர்