மெல்லிஃபாண்ட் மடத்துக்கு ஒரு நாள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை வகுப்பு கிடையாது. அன்றைக்குப் பெரிய பிள்ளைகளை, லவுத் கவுண்டியில் ட்ராஹெடா பக்கத்தில் இருக்கும் மெல்லிஃபாண்ட் துறவி மடத்துக்குக் கூட்டிப் போகிறோம். தமிழ்ப் பள்ளிக்கும் ஐரிஷ் மடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டீர்கள். பிள்ளைகள் வளர்கிற மண் இது. இதன் கதையை அவர்கள் தமிழில் சொல்லிப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கத் துறவிகள் சபைக்கு அயர்லாந்தில் அமைந்த முதல் மடம் அது. 1142இல் புனித மலாக்கி தொடங்கிவைத்தார். பிரான்சிலிருந்து வந்த துறவிகளுக்கும் உள்ளூர்த் துறவிகளுக்கும் ஆரம்பத்திலேயே ஒத்துப்போகவில்லை. பூசல் வளர்ந்து, 1216இல் சபைத் தலைமை அனுப்பிய ஆய்வாளர்களை உள்ளே விடாமல் வாசலிலேயே மறித்தார்கள். 1228இல் சபையின் ஆய்வாளராக வந்த லெக்சிங்டன் ஸ்டீபன், பிரெஞ்சிலோ லத்தீனிலோ பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யத் தெரியாதவரைத் துறவியாகச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதாவது ஐரிஷ் மட்டும் தெரிந்த பையனுக்கு அந்த மடத்தில் இடமில்லை! வாராவாரம் பிள்ளைகளைத் தாய்மொழி படிக்க அனுப்புகிற உங்களுக்கு இதன் வலி புரியும். நான் அவர்களோடு அதிகம் பேசப்போவது இதைப் பற்றித்தான்.

1539இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தை மூடினார்கள். பிறகு அது ஒரு பிரபுவின் மாளிகையானது. ஆங்கிலேயரை ஒன்பது ஆண்டுகள் எதிர்த்த ஐரிஷ் தலைவர் ஹியூ ஓநீல், 1603 மார்ச் 30 அன்று அங்கேதான் மண்டியிட்டுச் சரணடைந்தார். யாரை எதிர்த்துப் போரிட்டாரோ அந்த எலிசபெத் அரசி இறந்து ஆறு நாள் ஆகியிருந்தது. எதிரே இருந்த ஆங்கிலப் படைத்தலைவர் மவுண்ட்ஜாய்க்கு அது தெரியும், ஓநீலிடம் சொல்லவில்லை. அது சரியா என்று வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அங்கே பெரும்பாலும் சுவர்களின் அடித்தளம்தான் மிச்சம் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் துறவிகள் சாப்பிடப் போகுமுன் கைகழுவிய எண்கோண மண்டபம் நிற்கிறது. சுமார் 1200இல் கட்டியது. எட்டுப் பக்கங்களில் நான்குதான் இருக்கின்றன. பக்கத்தில் நின்று வளைவுகளை வரையச் சொல்லப்போகிறேன். பென்சிலும் நோட்டும் வேண்டும்.

மழைக்கோட்டு, வழுக்காத ஷூ, மதிய சாப்பாடு கொடுத்துவிடுங்கள். ஒப்புதல் படிவத்தை அடுத்த வகுப்பிலேயே தந்துவிடுங்கள். உடன்வர விரும்பும் பெற்றோரும் அதிலேயே குறிப்பிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்