ஏரிக்கு முன்னால் கால்வாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் மாவட்டத்தில் ஏரிகளைத் தூர்வாருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். தூர்வாரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கு நடந்ததை எழுதுகிறேன்.

ஒடுகத்தூர் பக்கத்தில் 31 ஆண்டுகளாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்த்து வருகிறேன். போர்வெல்லிலிருந்து மோட்டாரை ஏற்றும்போது 20 அடிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். எத்தனையாவது குழாயின் வெளிப்புறத்தில் ஈரம் தொடங்குகிறது என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வேன். அடுத்த முறை எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்று தெரிவதற்காகத் தொடங்கிய பழக்கம் இது. தொழிலுக்கு வந்த புதிதில் 10 குழாய் இறக்கினால் போதும். இப்போது 40 குழாய், அதாவது 800 அடிக்கு இறக்கிய நிலங்கள் உண்டு. எங்களுடையது கருங்கல் பூமி. மேலே மக்கிய பாறையிலும், அதற்கும் கீழே போர் போடுகிறவர்கள் 'கேப்' என்று சொல்லும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். மழைத்தண்ணீர் எங்காவது நின்று மெல்ல இறங்கினால்தான் அந்த வெடிப்புகள் நிரம்பும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1903-க்குப் பிறகு அப்படி வந்ததில்லை என்றார்கள். பக்கத்து ஊர் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. எங்கள் ஏரி, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தூர்வாரிய ஏரி, பாதிகூட நிரம்பவில்லை. அடுத்த மே மாதம் இரண்டு ஊர்களிலும் மோட்டார் ஏற்றும் வேலை வந்தது. பக்கத்து ஊர் ஏரிக்குக் கீழே நான்காவது குழாயிலேயே ஈரம். எங்கள் ஏரிக்குக் கீழே பத்தொன்பதாவது குழாயில். இரண்டு நிலங்களுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஊரில் முன்பு நீர்க்கட்டியாக, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்து விடுகிறவராக, இருந்த பெரியவரைக் கூட்டிக்கொண்டு, ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் ஓரமாகவே மலையடிவாரம் வரை நடந்தேன். பாதி வழியில், சாலை குறுக்கிடும் இடத்தில் அவர் நின்றுவிட்டார். சாலையை அகலப்படுத்தியபோது கால்வாய்க்கு இரண்டு சிமெண்ட் குழாய்களைப் பதித்திருக்கிறார்கள். பெரியவர் தன் கைத்தடியைக் கால்வாய்த் தரையில் ஊன்றிக் காட்டினார். தரையிலிருந்து குழாயின் வாய் முழங்கால் உயரத்துக்கு மேலே இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு உயரம் ஏறுவதற்குள் சாலையோரப் பள்ளத்தில் திரும்பி ஆற்றுக்குப் போய்விடுகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 1 கோடி லிட்டர். மண்ணில் ஊறியது போக, சரிவில் இறங்கி வருகிற தண்ணீரை எல்லாம் அந்த முழங்கால் உயரம்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஏரிக்குள் நடந்த வேலையும் சரியில்லை. வண்டலை எடுத்து வயலில் போட்டால் நிலத்துக்கு நல்லது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். மதகின் வாய்க்குக் கீழே ஐந்தாறு அடி பள்ளம் பறித்திருக்கிறார்கள். வருகிற கொஞ்சத் தண்ணீரும் அந்தப் பள்ளங்களில் விழுந்து கிடக்கிறது. அதில் ஓரளவு நிலத்துக்குள் இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் மதகு வழியாக வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. கடைமடைக்காரர்கள் நெல்லை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

தண்ணீர் இல்லை என்றால் பாலாற்றுக்கு மேலே இருக்கும் கர்நாடகம், ஆந்திரம் என்ற இரண்டு மாநிலங்களைச் சொல்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பாலாறு ஓடும் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் பெய்து எங்கள் ஏரிக்கு வரவேண்டிய மழைக்குக் குறுக்கே எந்த மாநிலமும் இல்லை. இரண்டு குழாய்கள்தான் இருக்கின்றன.

அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான். தூர்வாரும் பணிக்கு மதிப்பீடு போடும்போது ஏரிக்கரையில் நின்று போடாதீர்கள். மலையடிவாரத்திலிருந்து ஏரி வரை கால்வாயின் மட்டத்தை முதலில் அளந்துவிட்டு, எங்கெங்கே சாலையும் வீட்டுமனையும் குறுக்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு, பிறகு ஏரிக்குள் இறங்குங்கள். எங்கள் ஊர்க் குழாய்களை எடுத்துவிட்டுக் கால்வாய்த் தரை மட்டத்துக்கே ஒரு பாலம் கட்டுவது பெரிய வேலை அல்ல. ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம். பில் தொகை கொடுப்பதற்கு முன் ஏரிப் பாசனத்தை நம்பியிருக்கும் ஆயக்கட்டு விவசாயிகளைக் கூட்டிக் கால்வாயில் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

அளக்க வருகிறவர்களுக்கு என் நோட்டைத் தருகிறேன். பெரியவருக்கு இப்போது 80 வயது நடக்கிறது. காடு மூடிக் கிடக்கும் கால்வாய் எந்தெந்த இடத்தில் வளைகிறது என்பது முழுதாகத் தெரிந்தவர் ஊரில் அவர் ஒருவர்தான். ஆடிக்குள் வந்தால் தானே நடந்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
மோட்டார் பழுது பார்க்கும் தொழிலாளி,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.