பாலக்காடு சால்சா நடன முகாம்: கிளம்பும் முன் படிக்கவும்

எல்லாருக்கும் வணக்கம். சனி, ஞாயிறு தினமும் 6 மணி நேரம் வகுப்பு, ராத்திரி சோஷியல் (எல்லாரும் சேர்ந்து ஆடுவது). அடிப்படை சொல்லித்தர மாட்டார்கள். கிராஸ் பாடி லீடும் (ஜோடியைக் குறுக்கே எதிர்ப்பக்கம் அனுப்புவது) ரைட் டர்னும் (வலப்பக்கச் சுற்று) யோசிக்காமல் வர வேண்டும்.

பாடம் ஆன் 2 பாணி சால்சா, நியூயார்க்கில் நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய முறை. 8 எண்ணிக்கையில் காலடி 1-2-3, 5-6-7தான். திசை மாறுவது மட்டும் 2லும் 6லும். ஆன் 1 (1லும் 5லும் திசை மாறுவது) பழகிய கால், பாட்டு வேகமெடுத்ததும் பழைய இடத்துக்கே ஓடிவிடும். இந்த வாரமே மெதுவான பாட்டைப் போட்டு, கோங்கா மேளத்தில் 2லும் 6லும் விழும் அந்தப் பளிச்சென்ற அறையைப் பிடித்து நடந்து பழகுங்கள். எண்ணுவதைவிட இதுதான் நிற்கும்.

லீட் செய்பவர்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) கவனிக்க: ஜோடியைச் சுற்றவைக்கும்போது உங்கள் கை அவர் உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கட்டும். நாலு விரற்கடை முன்னால் போனாலே அவர் நிலை சாயும். விரலை இறுக்கவே கூடாது; உள்ளங்கைக்குள் அவர் விரல் தாராளமாக உருள வேண்டும். இறுக்கினால் மணிக்கட்டு பிசகும். டிப் (ஜோடியைப் பின்னால் சாய்ப்பது) கொடுக்கும் முன் கேளுங்கள். ஃபாலோ செய்பவர்கள் (லீடைப் பின்பற்றி ஆடுபவர்கள்), அடுத்தது இதுதான் என்று முந்திக்கொண்டு சுற்றாதீர்கள்.

ஸ்வேட் (மெத்தென்ற தோல்) அடி வைத்த ஷூவோடு பாத்ரூமுக்குப் போகவே வேண்டாம். ஈரம் பட்டால் தரையில் ஒட்டும், உடம்பு திரும்பும்போது முட்டி மாட்டிக்கொள்ளும். ஷூ அடியைத் தேய்க்க கம்பி பிரஷ், ஒரு நாளைக்கு 4 சட்டை, துண்டு, ஓஆர்எஸ் பொட்டலம் கட்டாயம். கொப்புளம் வரும் இடத்தில் முன்கூட்டியே மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடுங்கள்.

இறங்க வேண்டியது ஒலவக்கோட்டில் உள்ள பாலக்காடு ஜங்ஷன். பொள்ளாச்சி வழியாக வருபவர்களுக்கு டவுன் ஸ்டேஷன் முதலில் வரும், அங்கே இறங்கிவிடாதீர்கள்.

லீடா ஃபாலோவா என்று இன்று ராத்திரிக்குள் இங்கே போடுங்கள்.