வானம் எத்தனை அடி?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ வாஸ்து பூஜை போட்டுவிட்டாய் என்று சித்தி சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளை மஸ்கட்டில் இருக்க, பேங்க் லோனிலிருந்து லோடு மணல் வரைக்கும் நீயே தனியாளாக நின்று பார்க்கிறாயாம். கேட்டு நெஞ்சு நிறைந்துவிட்டது. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, வானம், அதுதான் அஸ்திவாரக் குழி, எத்தனை அடி தோண்டியிருக்கிறார்கள்?

சாத்தூர்ப் பக்கம் உன் மனை சுத்தக் கரிசல். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் ஊதிக் கட்டடத்தையே தூக்கும். 4 அடி, 5 அடிக் கருங்கல் கட்டு அதற்குப் பத்தாது. கரிசலுக்கென்றே ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு வழி செய்தார்கள். 11, 12 அடிக்குத் துளை போட்டு, அடியை மட்டும் குடம் மாதிரி அகலமாக்கிக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவது. இன்ஜினியரிடம் 'அண்டர் ரீம்டு பைல்' என்று கேள். மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 3 அங்குலம் இடைவெளி இருக்கட்டும், மண் ஊதினாலும் பீமை முட்டாது. தோண்டிய கரிசலையே உள்ளே தள்ளி நிரப்பப் பார்ப்பார்கள், விடாதே. கிராவல் அடிக்கச் சொல். முகப்பெல்லாம் அப்புறம்.

இந்த வீடு உன் தம்பி பேருக்குப் போனதிலிருந்து நீ இங்கே ஒரு ராத்திரி தங்கவில்லை. அது இப்போது வேண்டாம்.

உன் அறைச் சுவர் வெடிப்பை நீ காலண்டர் மாட்டி மறைப்பாயே, கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். பாப்பா, 1991இல் அந்த மனுஷன் "இன்னும் ஆழம் போகணும்" என்று இரண்டு நாள் கெஞ்சினார். மூன்றரை அடியில் நிறுத்தச் சொன்னது நான். மிச்சம் பிடித்த பணத்தில் பெரியப்பா வீட்டில் இருப்பது போல முகப்பில் இரண்டு தூண் வைத்தேன். கொத்தனார் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார். நான் அவர் வீட்டுத் துக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

வானம் எத்தனை அடி என்று அளந்து சொல். கொத்தனார் ஆழம் கேட்டால் பணத்தைப் பார்க்காதே, என்னிடம் கேள். கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் ஒரு போன் போடு. முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன். டேப் என்னிடம் இருக்கிறது.

அப்பா