தாத்தாவின் ரிவால்வரைத் தோல் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள்

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போன வாரம் வீடியோ காலில் தாத்தாவின் ரிவால்வரைக் காட்டினீர்களே, சிலிண்டர் ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தது, அன்றிலிருந்து மனசு அதிலேயே கிடக்கிறது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே என் வேலையே துருவோடு மல்லுக்கட்டுவதுதான். ஜூரோங் பக்கம் ஒரு கிடங்கில், கடைந்த இரும்புப் பாகங்களைக் கப்பலில் ஏற்றுவதற்குப் பொதிந்து கட்டுகிறோம். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். வெறும் கையால் தொட்டால் வியர்வை உப்பு பட்டு, விரல் ரேகை அப்படியே துருவாகப் பதியும். அதனால் கையுறை இல்லாமல் யாரையும் தொட விடமாட்டார்கள். நம்ம வேதாரண்யத்தில் உப்புக்காற்று வேறு, கேட்கவா வேண்டும்.

முதலில் அந்தத் தோல் உறை. தாத்தா இடுப்பில் கட்டியது, அதை விட உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அதிலேயே தங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து இரும்பை அரிக்கும். உறையைத் தனியாக வையுங்கள். பஞ்சு வைத்த பெட்டியும் அப்படித்தான், ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

அப்புறம், தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், யாரிடமாவது கொடுத்துப் பளபளவென்று மெருகேற்றவும் வேண்டாம். பழைய துப்பாக்கிக்கு மதிப்பே அந்தக் கருநீல மேற்பூச்சிலும், தேயாமல் நிற்கிற எழுத்துகளிலும்தான் இருக்கிறது, ஒருமுறை போனால் என்ன செலவழித்தாலும் அது திரும்ப வராது. திட்டின் மேல் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள், வருகிற அளவுக்கு வந்தால் போதும். அதற்கு முன் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள், எத்தனை முறை பார்த்திருந்தாலும் பாருங்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகச் சிக்கு வாடை அடித்து அமிலமாகிவிடும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் கேட்டால் அதற்கென்றே எண்ணெய் கிடைக்கும். குழலின் உள்ளேயும் வெளியேயும் மெல்லிய படலமாக இருந்தால் போதும், வழியவிட்டால் உள்ளே இறங்கிப் பிசினாகும், மரக் கைப்பிடியையும் கெடுக்கும். வெளிப்புறத்துக்கு ரெனசான்ஸ் என்று ஒரு மெழுகு இருக்கிறது, பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவாக்கியது, அருங்காட்சியகங்களில் பூசுவது. ஒரு டப்பா அனுப்புகிறேன்.

அதோடு சிலிக்கா ஜெல் பையும் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரும் வரும். பீரோவில் துப்பாக்கி இருக்கும் தட்டில் வையுங்கள். 40-லிருந்து 50-க்குள் நின்றால் நல்லது, ரொம்பக் காய்ந்தால் கைப்பிடி மரம் வெடிக்கும். இங்கே கேமரா வைத்திருப்பவர்கள் வீட்டிலும் இதே கணக்கில் உலர்பெட்டி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். ஜெல்லின் ஆரஞ்சு நிறம் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், 120 டிகிரியில் சூடாக்கினால் பழையபடி ஆகிவிடும், சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

இந்த ஊரில் துப்பாக்கி பற்றிப் பேசவே ஆள் கிடையாது. 1973-ல் வந்த சட்டப்படி, ஆளைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு சுட்டாலே மரண தண்டனை. அறை நண்பர்களிடம் நம் வீட்டில் லைசென்ஸோடு ஒன்று இருக்கிறது என்று சொன்னால் கண்ணை விரிக்கிறார்கள்.

தேர்தல் சமயத்தில் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கும்போது, பலர் கை பட்டிருக்கும், அன்றே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தத் திட்டைத் துடைத்தபின் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்