கார்ன்வாலிஸ் கோட்டைக்கு எங்களோடு வந்தவர்களுக்கு

பெற்றோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சனிக்கிழமை எங்கள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் 24 பேரும் பினாங்கிலுள்ள கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம். பேசி வைத்திருந்த பஸ் வரவில்லை, போன் போட்டாலும் எடுக்கவில்லை. பயணம் அவ்வளவுதான் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு வேனும் நான்கு கார்களும் பள்ளி வாசலுக்கு வந்து நின்றன. பட்டர்வொர்த் படகுத்துறை வரை கொண்டுவந்து விட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் முதல் நன்றி.

கோட்டையைச் சுற்றிக் காட்டிய தம்பிக்கு அடுத்த நன்றி. 1786-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியபோது அங்கே கல்சுவர் கிடையாது, நிபோங் பனைமரத் தடிகளை நட்டுத்தான் வேலி போட்டார்கள் என்று சொல்லித் தொடங்கினார். காட்டை வெட்ட ஆள் சேர்க்க, பீரங்கியில் வெள்ளிக்காசு நிரப்பி லைட் காட்டுக்குள் சுட்ட கதையும் வந்தது. கதைதான், ஆனாலும் பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்! மூலைகள் ஏன் நட்சத்திரம் போல நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு நான்கு பேரைச் சுவரோரம் நிற்க வைத்து விளக்கினார். கொத்தளம் வெளியே நீண்டிருந்தால்தான் சுவரை ஒட்டி ஒளிந்து வருபவனையும் பக்கவாட்டில் சுட முடியும். இத்தனை ஏற்பாடு செய்தும் அங்கே ஒரு சண்டைகூட நடக்கவில்லை. சுற்றியிருந்த அகழியைப் பிற்காலத்தில் மூட வைத்தது மலேரியா.

சுவரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர். பேத்திக்குத் துணையாக வந்த கொத்தனார் தாத்தா. பேசாமல் வந்துகொண்டிருந்தவர், ஓரிடத்தில் நின்று செங்கல் இடுக்கை நகத்தால் லேசாகத் தொட்டார். "இது சுண்ணாம்பு. கடல் ஈரத்தைக் குடிச்சு வெளிய விட்டுடும். இதுமேல சிமெண்டைப் பூசினா ஈரம் உள்ளேயே நின்னு, உப்பு பூத்து, கல்லு முகம் உதிரும்." ஊரில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைப்பார்கள் என்றும் சொன்னார். அதன் பிறகு ஒரு சுவரையும் பிள்ளைகள் விடவில்லை, எல்லாவற்றையும் மோந்து பார்த்தார்கள்.

"இவ்ளோ கல்லையும் யார் தாத்தா அடுக்குனா?" என்று பேத்தி கேட்டாள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் என்றார் வழிகாட்டித் தம்பி. சுவர் முடிந்தது 1810 வாக்கில். பலகையில் கார்ன்வாலிஸ் பிரபுவின் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயரைப் பிள்ளைகள் தேடினார்கள், இல்லை. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஐயா, இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன்.

நாசி லெமாக் கட்டிக்கொடுத்த அம்மாக்களே, ஒரு பொட்டலம்கூட மிஞ்சவில்லை. அப்புறம், நீல மூடி போட்ட சம்பல் டப்பா ஒன்று என்னிடமே தங்கிவிட்டது. யாருடையது என்று சொன்னால் திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை